நெற்கட்டும்செவலும் நெற்கட்டான்செவலும்

தென்பாண்டி நாட்டின் மேற்கெல்லையில், மலையடிவாரச் செம்மண்ணும் கிழக்கே விரியும் கரிசலும் சந்திக்கும் வெளியே சங்கரன்கோவில் சீமை. பொருநையின் நீர் இங்கு எட்டாது. மழையும் குளங்களுமே உழவைக் காத்தன. ஆகவே நெல் இம்மண்ணில் உணவு மட்டுமன்று, உரிமையுமாகும்.

நாயக்கர் காலப் பாளைய அமைப்பில், கிழக்குப் பாளையங்கள் பெரும்பாலும் தெலுங்கு மொழியினரிடமும் மேற்குப் பாளையங்கள் மறவரிடமும் இருந்தன. சிவகிரி, தலைவன்கோட்டை, ஊற்றுமலை, நெற்கட்டும்செவல் ஆகியன மேற்கைச் சார்ந்தவை. நாயக்கர் ஆட்சி முடிந்தபின் கப்பம் தம்முடையதென்றார் ஆர்க்காட்டு நவாபு. அதனைத் தண்டித் தர முன்வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் தமையன் மாபூசுகானும் படையுடன் வந்தனர். பூலித்தேவர் பணியவில்லை, நெற்கட்டும்செவல் முற்றுகை பயனின்றி முடிந்தது. வாசுதேவநல்லூர்க் கோட்டையின்முன் யூசுப்கானும் பின்வாங்க நேர்ந்தது. 1761இல் அக்கோட்டைகள் அவன் வசமாயின. அதே யூசுப்கான் பின்னர்க் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான்.

இச்செய்திகளை இராபர்ட் ஓர்மும், 1881இல் திருநெல்வேலி வரலாறு வெளியிட்ட கால்டுவெல்லும் எழுதிவைத்துள்ளனர். ஆயின் அவ்வேடுகளின் கண் கம்பெனியின் கண்ணே. கப்பம் மறுத்தவன் பெயர் அங்கே இடம்பெறும். ஒழுங்காகச் செலுத்திய ஊர் வாய் திறப்பதில்லை. ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி ஆகியோரை நினைவில் நிறுத்தியவை வாய்மொழி மரபும் நாட்டுப்புறப் பாடலுமே. நெல்லைக் கப்பமாகக் கட்டிய ஊர், கட்ட மறுத்தபின் 'நெற்கட்டான்செவல்' ஆயிற்று என்பர். ஈரெழுத்தின் வேறுபாட்டில் ஒரு போரையே அடக்கிய மக்களைக் கவிஞர்கள் பொறாமையுடன் நோக்கலாம்!

பூலித்தேவரின் முடிவு பற்றியும் இரு வழக்குகள் உண்டு. சங்கரநாராயணர் கோயிலுள் புகுந்தவர் இறைவனோடு கலந்து மறைந்தார் என்பது ஊரார் நம்பிக்கை. அவர் பெயரால் ஓர் அறையும் அங்கே காட்டப்படுகிறது. கம்பெனியாரால் கொல்லப்பட்டார் என்பாரும் உளர். மறைந்த கதை அவர் இறந்த விதத்திற்குச் சான்றாகாது. பகைவர் கையில் அவர் வீழ்ந்தார் என ஏற்க இம்மக்கள் ஒருப்படவில்லை என்பதற்கோ அதுவே முதற்சான்று. வரலாற்றாசிரியர் அதனைக் கட்டுக்கதையென ஒதுக்குவதும், கவிஞர் அதனையே நிகழ்ச்சியென எழுதுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

1801இல் கர்நாடக ஆட்சி கம்பெனியிடம் சென்றது. கால்டுவெல் தம் நூலையும் அவ்வாண்டோடு நிறுத்திக்கொண்டார். அதன்பின் இவ்வூர்த் தறிகளில் சேலை நெய்தோர், கரிசலில் பருத்தி விதைத்தோர், ஆடித்தபசுக்குத் திரண்டோர் ஆகியோரின் கதை பெரிதும் எழுதப்படாமலே கிடக்கிறது. 2019இல் இச்சீமை தென்காசி மாவட்டத்தின் பகுதியாயிற்று.