தொலைவைக் குறிக்கும் கண்



சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தர்மபுரியில் என் வீடு தேடி வந்தார். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்; சுடுபயிற்சிக் கழகம் ஒன்றில் சேர்ந்து நெடுந்தொலைவுக் குறிப் போட்டிகளுக்குப் பழகி வருகிறார். "ஐயா, துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தொலைநோக்கி ஒன்று வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை" என்றார். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டறியாத ஒரு வரலாற்று ஆசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று அருகிலிருந்த என் மனைவி நகைத்தாள். எனக்கோ நகைப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், மாணவர்களிடம் நாலணா எட்டணாவாகத் திரட்டிய பணத்தில், பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் '120 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதில்தான் மயங்கினேன். மறுநாள் நண்பகலில் மாணவர்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வத்தல்மலையைப் பார்க்கச் சொன்னேன். தெரிந்தது மலையன்று; கொதிக்கும் நீருக்கடியில் கிடக்கும் கருங்கல்லைப் போல ஏதோ ஒன்று நெளிந்தது. முன்புறக் கண்ணாடியின் விட்டம் 60 மில்லிமீட்டர். அதனை 120-ஆல் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் அரை மில்லிமீட்டரே. ஒளி குறைகிறது, வெயிலில் எழும் கானலோ 120 மடங்கு பெரிதாகிறது. இந்த வகுத்தல் கணக்கைப் பணம் கொடுப்பதற்கு முன்பு போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

ஆகவே மாணவரை அமரச் சொல்லி, அவருக்கு வில்லியம் லாம்டனின் கதையைக் கூறலானேன்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து நம் பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. கர்னல் ரீடும் அவருடைய உதவியாளராகத் தர்மபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோவும் இங்குள்ள வயல்களை அளந்து தீர்வை விதித்தனர். அவர்கள் வயலை அளந்தார்கள். லாம்டனோ பூமி உருண்டையையே அளக்கப் புறப்பட்டவர். 1799-இல் சீரங்கப்பட்டண முற்றுகையில் பங்குகொண்ட அந்தப் படைவீரர், 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே, 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. குன்றிலிருந்து குன்றைத் தொலைநோக்கியால் குறிபார்த்துக் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டின் நீளத்தைக் கணக்கிட்டுக் கொண்டே போனார். 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்ற அந்த அளவையே 'பெரும் வில்' எனப் பெயர்பெற்றது. தர்மபுரியிலிருந்து பென்னாகரத்துக்குப் பேருந்தில் செல்பவர் ஒவ்வொருவரும் அந்த ரேகையைக் கடந்தே செல்கிறார்.

லாம்டனுடைய கருவி லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட்டு. கோணத்தைக் காட்டும் அதன் வட்டத்தின் விட்டம் 36 அங்குலம்; மொத்த எடை ஏறக்குறைய அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போயினர். பெட்டியைத் திறந்து பார்த்து, அறிவியற் கருவி என்றறிந்ததும், பாராட்டுக் கடிதத்துடன் சென்னைக்கு அனுப்பி வைத்தனராம். பகைமை நடுவே இப்படியும் ஒரு பண்பு!

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் நேர்ந்ததுதான் பெருந்துன்பம். சமவெளியில் குன்றில்லை, ஆகவே கோபுரத்தின் மேல் கருவியை ஏற்றினர். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டம் வளைந்து நெளிந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு இழுத்து, மரச்சுத்தியலால் தட்டி, ஆறு வாரத்தில் அதனை ஏறக்குறையப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அந்த வட்டம் பழுதுபட்டால் தொலைநோக்கி எவ்வளவு தெளிவாகக் காட்டினும் பயனில்லை. பார்ப்பது வேறு, அளப்பது வேறு. என் மாணவரிடம் நான் வற்புறுத்திய முதற் செய்தி இதுவே.

இரண்டாவது செய்தி குறுக்கிழை. 1630-களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் வில்லியம் காஸ்காயின் என்னும் இளைஞர் தம் தொலைநோக்கியைத் திறந்தபோது, சிலந்தி ஒன்று உள்ளே நூலிழுத்திருந்ததைக் கண்டார். பிம்பம் விழும் அதே இடத்தில் இழையும் இருந்தமையால் இரண்டும் ஒருங்கே தெளிவாய்த் தெரிந்தன. அன்றுதான் தொலைநோக்கி குறிபார்க்கும் கருவியாயிற்று. பிம்பமும் இழையும் ஒரே தளத்தில் இல்லாவிடின், கண்ணைச் சற்று அசைத்தாலும் குறி நகர்வதுபோல் தோன்றும். சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவன் மணியைத் தவறாகச் சொல்வது போன்றது இது. இதனை இடமாறு தோற்றப் பிழை என்பர். நல்ல துப்பாக்கித் தொலைநோக்கிகளில் இதனைத் தொலைவுக்கேற்பச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும். அது இல்லாததை நெடுந்தொலைவுப் போட்டிக்கு வாங்கவே கூடாது.

தொலைநோக்கியைத் துப்பாக்கியின் மேல் ஏற்றியவர்கள் பலர். அமெரிக்காவில் மார்கன் ஜேம்ஸ் செய்த நீண்ட குழலைப் பற்றி 1844-இலேயே சாப்மன் எழுதியிருக்கிறார். பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்பவரின் குழல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் விட்வொர்த் துப்பாக்கிகளின் பக்கவாட்டில் அமர்ந்தது. 1860-இல் விம்பிள்டனில் முதல் தேசியப் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்து, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கஜத்தில் நடுப்புள்ளியருகே சுட்டாராம். நம் நாட்டில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951-இல் தோன்றியது. ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டிகளில் தொலைநோக்கி பொருத்தலாகாது. கனடாவின் பார்குவர்சன் பெயரால் 'எஃப்' வகுப்பு என வழங்கும் நெடுந்தொலைவுப் போட்டியில் பொருத்தலாம். ஆனால் அதற்கும் எடை வரம்பு உண்டு. ஒரு பிரிவில் 10 கிலோ, மற்றொன்றில் 8.25 கிலோ, தொலைநோக்கியின் எடையும் அதற்குள் அடக்கம். ஆகவே கடைக்குப் போகுமுன் போட்டி விதிகளைப் படியுங்கள் என்றேன்.

இனிக் கணக்கு. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. 100 கஜத் தொலைவில் ஒரு கலை என்பது ஒரு அங்குலத்தைச் சற்றே விஞ்சும். 1000 கஜத்தில் பத்தரை அங்குலம். திருகை ஒரு முறை 'டிக்' என்று திருப்பினால் கால் கலை நகரும் கருவியாயின், 1000 கஜத்தில் குறி ஏறத்தாழ 2.6 அங்குலம் நகரும். 308 ரகத் தோட்டா அவ்வளவு தொலைவு செல்வதற்குள் ஒன்பது, பத்து மீட்டர் தாழ்ந்துவிடும். அதனை ஈடுசெய்யும் அளவுக்குத் திருகு சுழல இடமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். அதுவும் வேண்டியபோது குறைத்துக்கொள்ளத் தக்கதாக இருக்கட்டும், ஏனெனில் நம் வெயிலில் கானல் நிச்சயம். லாம்டனுக்குப்பின் வந்த எவரெஸ்ட், பகற்கானலுக்கு அஞ்சி, இரவில் விளக்கேற்றிக் குறிபார்க்கும் முறையைக் கைக்கொண்டார். போட்டியாளருக்கு அந்த வசதி இல்லை.

"இவையெல்லாம் விற்பவரே ஒத்துக்கொள்வார், ஐயா. திருகு உண்மை பேசுகிறதா என்று எப்படி அறிவது?" என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. லாம்டனும் தம்மையே இப்படிக் கேட்டுக்கொண்டவர்தாம். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களால் கணக்கிட்டு வந்த நீளத்தை, 1804-இல் பெங்களூரருகே புதிதாக ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து ஒப்பிட்டார். ஏழு மைலுக்கு மேற்பட்ட அக்கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

துப்பாக்கிக்காரர்களிடமும் அத்தகைய சோதனை ஒன்று உண்டு. ஒரே புள்ளியைக் குறிபார்த்து முதலில் சுடுவது. பின் திருகை வலப்புறம், மேற்புறம், இடப்புறம், கீழ்ப்புறம் எனச் சம அளவில் திருப்பி ஒவ்வொரு முறையும் சுடுவது. நான்காம் திருப்பத்தில் குண்டு முதல் துளைக்கே வந்து சேர வேண்டும். வாங்குவதற்கு முன் அதனைச் செய்துபாருங்கள் என்றேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். கையில் சுட்ட அட்டை. வாங்க நினைத்த கருவியைச் சோதனைக்காகக் கேட்டு வாங்கிக் கழக மைதானத்தில் சுட்டிருக்கிறார். அட்டையை மேசைமேல் வைத்து என் பழைய அளவுகோலால் அளந்தோம். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே ஒன்றே கால் அங்குலம் இருந்தது. உறுதி செய்துகொள்ள இன்னும் இருமுறை சுட்டதாகவும், அவற்றிலும் அதே திசையில் விலகியதாகவும் கூறினார். கருவியை அன்று காலையே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.