மதிப்பெண்ணும் பாடப்பிரிவும்: காரைக்காலில் நம் பிள்ளைகளின் கல்லூரி வழி

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி இடங்களைப் பதினான்காகப் பகுத்து அவற்றுள் இரண்டை ஆதிதிராவிடர்க்கு வைத்த ஆணை அது. மருத்துவக் கல்லூரி இடத்திற்காக வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே காணும் செய்தி. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டு, 15(4) என்னும் பிரிவு வந்தது.

அப்போது நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதியார் ஆணையோ 1964இல்தான் பிறந்தது. எல்லைக்கு அப்பால் நாகையிலிருந்த நம் உறவினர்க்கு 1950இலேயே கிடைத்த சட்டப்பெயர், நமக்குப் பதினான்கு ஆண்டு கழித்தே வந்து சேர்ந்தது.

இடஒதுக்கீடு கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அக்கதவருகே செல்லும் பாதையை நம்மவர் பலர் கவனித்திலர். 1978இல் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி வந்தது. அப்பாடத்திட்டத்தையே பின்பற்றிய நம் பள்ளிகளிலும் பதினைந்து வயதுப் பிள்ளை தன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்பட்டது. அத்தேர்வின் கனம் பெற்றோர்க்குத் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குச் சுருக்கித் தரவரிசை செய்வர். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்றவை அக்கணக்கில் சேரா. வரலாற்றுப் பிரிவிலோ தொழிற்பிரிவிலோ பள்ளி முதல்வனாக வந்த பிள்ளைக்கும் அவ்வரிசையில் கடைசி இடங்கூட இல்லை. வரலாறு தாழ்ந்த பாடம் என்று நாம் சொல்லவரவில்லை, வரலாறே எழுதிக்கொண்டிருக்கிறோம்! பிள்ளை விரும்பி எடுத்தால் மகிழ்ச்சியே. தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்னும் அச்சத்தால் அதன்பால் தள்ளப்படுவதே நம் குறை. பத்தாம் வகுப்பில் நடுத்தர மதிப்பெண் பெற்ற நம் பிள்ளை கணிதப் பிரிவு கேட்டால், "உனக்கு வராது" என்று திருப்பியனுப்பும் வழக்கத்தை ஆசிரியப் பணியில் பலகாலம் கண்டிருக்கிறோம்.

உதவித்தொகை பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அது முதல் மாணவர்க்கு வழங்கும் பரிசு என்றே பலர் எண்ணுகின்றனர். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை, தரவரிசை பார்ப்பதன்று. கல்லூரியில் சேர்ந்திருப்பதும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மேற்படாமையும் போதும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற உயர்நிறுவனங்களில் பயில்வோர்க்கென 2007இல் வந்த மற்றொரு திட்டத்திலோ இடம் அளவுபட்டது. அங்கே தரவரிசை குறுக்கிடும்.

இப்போது கணக்கு மாறியிருக்கிறது. 2017 முதல் மருத்துவ வரிசையை நீட் தேர்வே தீர்மானிக்கிறது. ஆயினும் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, அவற்றில் நம்மவர் மேனிலைத் தேர்வில் 40 விழுக்காடேனும் பெற்றிருத்தல் வேண்டும். 2010இல் நம் காரைக்காலுக்கு வந்த தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பாதி இடங்கள் புதுச்சேரி மாநிலத்தார் உள்ளிட்ட உள்மாநில ஒதுக்கீட்டினர்க்கு உரியவை. அங்கே ஜே.இ.இ. தரவரிசையோடு மேனிலையில் 65 விழுக்காடும் கேட்கின்றனர். பிறர்க்கு அது 75. 2024-25 முதல் நம் அரசுப் பள்ளிகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளிலும் மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறிவிட்டன. பாடம் கடினம், வீட்டில் சொல்லித்தர ஆளில்லை.

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்திலேயே, திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரிப் பகுதிகளில் நம் கழகத்தார் பெற்றோரைக் கூட்டிப் பாடப்பிரிவு விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித்தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் அதற்கு முன்பே கைக்கு வந்திருத்தல் நலம்.