ஏலமலைத் தோட்டக் குடும்பங்கள்: விவாகரத்தும் வாரிசுரிமையும்

போடிநாயக்கனூரில் வீடு, போடிமெட்டுக்கு அப்பால் தோட்டம். தேனி மாவட்டத்து ஏலக்காய்க் குடும்பங்கள் பலவற்றின் நிலை இது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதனால் ஒரே குடும்பத்தின் சொத்து இரண்டு மாநிலச் சட்டங்களுக்குள் கிடக்கிறது. தம்பதி பிரிந்தாலும் தோட்டக்காரர் காலமானாலும் வக்கீல் முதலில் கேட்பது, நிலம் எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இரு பக்கமும் பொது. பூர்வீகச் சொத்தில்தான் வழி பிரிந்தது. 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு, மகன்களைப் போலவே பிறப்புரிமை தந்தது தமிழ்நாடு. கேரளமோ 1975இல் இயற்றி 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. 2005இல் மத்திய அரசு எல்லா மகள்களுக்கும் சம பங்கு தந்தது. அந்த ஆண்டில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேரள நிலத்துக்கு இது பொருந்துமா என்ற சந்தேகம் அதன்பிறகும் நீடித்தது. 2004 டிசம்பர் 20க்குப் பிறகு இறந்தவரின் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆக, போடி வீட்டின் கணக்கை அப்படியே சாந்தன்பாறைத் தோட்டத்துக்கும் போட முடியாது. தகப்பன் இறந்த தேதியையும் பார்க்க வேண்டும்.

நகையும் சீரும் செய்தாயிற்று என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இது அநியாயம். சீர் கொடுத்ததால் பங்கு கழிந்துவிடாது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அவருடைய சுயசம்பாத்தியச் சொத்துக்காக வாங்கும் விடுதலை பொதுவாகச் சட்டத்தில் நிற்பதும் இல்லை.

மலையில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் திருவிதாங்கூரின் பழைய சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986இல் மேரி ராய் வழக்கு அதை மாற்றியது. உத்தமபாளையம், கம்பம் பகுதி முஸ்லிம்கள் உயில் எழுதினால், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

தோட்ட நிலத்தின் தன்மை வேறொரு சிக்கல். சில நிலத்துக்குப் பட்டா உண்டு. சில நிலம் ஏலச் சாகுபடிக்கென்றே அரசு கொடுத்த குத்தகை. குத்தகை நிலத்தை உயிலில் ‘என் சொந்த நிலம்’ என்று எழுதினாலும் வாரிசுக்குப் போவது குத்தகை உரிமை மட்டுமே. தோட்டப்பயிர் என்பதால் கேரள நில உச்சவரம்பிலிருந்து கிடைத்த விலக்கு, நிலத்தை வேறு உபயோகத்துக்குத் திருப்பினால் பறிபோகலாம்.

இனி விவாகரத்து. கணவன் சொத்தில் மனைவிக்குத் தானாகவே பாதி கிடைக்கும் என்று இந்தியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் ஒரு வழக்கில் சம பங்கு வழங்கினார். ஆள்கூலி கொடுத்து, காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இது பெரிய தெம்பு. அதைவிடப் பாதுகாப்பானது, வாங்கும்போதே அவர்கள் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பது.

ஜீவனாம்சத்தைக் கணக்கிடுவதில் ஏலக்காய் எல்லாரையும் திணறடிக்கும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022இல் சராசரியாக 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்பு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. அங்கே விற்ற காய்க்குக் கணக்கு இருக்கும். வியாபாரியிடம் நேரே போட்ட காய்க்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஆண்டு விலையை வைத்துத் தொகை பேசாமல் பல ஆண்டுச் சராசரியைக் கேட்பது இரு தரப்புக்கும் நியாயம். நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கவும் இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது.

பரஸ்பர சம்மதமென்றால் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்தபின் வரும் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்கிறது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. பலர் கவனிக்காத இடம் இதற்கிடையில் இருக்கிறது: தீர்ப்பு வருமுன் கணவன் உயில் இல்லாமல் இறந்தால், மனைவியே முதல் வகுப்பு வாரிசு, பிள்ளைகளோடும் கணவனின் தாயோடும் அவளுக்கும் சம பங்கு. தீர்ப்புக்குப் பிறகு அவளுக்கு அந்த உரிமை இல்லை, பிள்ளைகளுக்கு உண்டு. இந்துவின் பழைய உயிலோ விவாகரத்தால் தானாக ரத்தாவதில்லை. மாற்றி எழுத வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் தேவை. பதிவு கட்டாயமில்லை, பதிவதானால் மலைத்தோட்டத்துக்கான உயிலையும் போடியிலேயே பதியலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. எழுதிக் கொடுத்தபின் மனம் மாறினால் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே முதியவர்கள், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் கைவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யக் கேட்க அதுவே ஆதாரம்.

வழக்கென்று வந்துவிட்டால், இரு மாநில நிலங்களுக்கும் சேர்த்து ஒரே பாகப்பிரிவினை வழக்கை ஏதேனும் ஒரு பக்கத்து நீதிமன்றத்தில் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.