மிஃமார் கமாலுத்தீன்: கட்டியவரும் காத்தவரும்

அரபு மொழியில் ‘அமர’ என்னும் மூவெழுத்து வேரினின்று கிளைத்த சொற்கள் பல. கட்டடம் ‘இமாரா’, கட்டுதலும் செப்பனிடுதலும் ‘தஃமீர்’, கட்டடக் கலைஞர் ‘மிஃமார்’. ஆயுளைக் குறிக்கும் ‘உம்ர்’, புனித ‘உம்ரா’ ஆகியனவும் இவ்வேரில் பிறந்தவையே. திருக்குர்ஆனின் ‘அத்தவ்பா’ அத்தியாயம், 18ஆம் வசனத்தில், அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை இமாரா செய்வோர் யாவர் என்பதைக் கூறுகிறது. அவ்விடத்தில் இச்சொல்லை விளக்கும் விரிவுரையாளர்கள் கட்டுதல், பழுதுபார்த்தல், தூய்மை பேணுதல், வணக்கத்தால் உயிர்ப்பித்தல் ஆகிய அனைத்தையும் இதனுள் அடக்குவர். கட்டுவது வேறு, காப்பது வேறு எனப் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். அரபுச் சொல் அவ்விரண்டையும் பிரிக்கவில்லை.

இச்சொல்லின் முழுப் பொருளுக்கும் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் ஒருவர், உஸ்மானியப் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த மிஃமார் கமாலுத்தீன் (1870-1927). துருக்கியர் இவர் பெயரைக் கெமாலெத்தின் என ஒலிப்பர்.

இஸ்தான்புல்லில் கடற்படை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்த கமாலுத்தீன், அந்நகரின் குடிமைப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1891இல் தேறினார். அங்கு அவருக்கு ஆசிரியராக இருந்தவர் யாஸ்முண்ட் என்னும் ஜெர்மானியர். 1890இல் திறக்கப்பட்ட சிர்கேஜி ரயில் நிலையத்தை வடிவமைத்தவர் அவரே. அந்நிலையத்தின் முகப்பு கீழைநாட்டுத் தோற்றம் உடையது. எனினும் அதன் வளைவுகளில் உஸ்மானிய மரபைக் காட்டிலும் அந்தலூஸின் சாயலே மிகுதி. ‘இஸ்லாமியக் கலை’ என ஐரோப்பியர் மனத்தில் பதிந்திருந்த பல நாட்டு உருவங்களின் கலவை அது. 1895இல் பெர்லினுக்கு அனுப்பப்பட்ட கமாலுத்தீன், ஷார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே சில காலம் தொழிற்பயிற்சியும் பெற்று 1900இல் நாடு திரும்பினார். பொறியியலை மேற்கில் கற்றார். எதைக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் தம் ஊரின் சுவர்களிடம் கற்க விரும்பினார்.

அதற்கான வாய்ப்பு 1909இல் வந்தது. வக்ஃபு அமைச்சகத்தின் கட்டுமானப் பிரிவுக்கு அவர் தலைவரானார். அப்பிரிவின் பெயரே ‘இன்ஷாஆத், தஃமீராத்’, அதாவது புதுக்கட்டுமானமும் பழுதுநீக்கமும். பள்ளிவாசல், மதரசா, மருத்துவமனை, நீரூற்று, ஏழைகளுக்கு உணவளிக்கும் இமாரத் எனப் பேரரசின் பொதுநலக் கட்டடங்களுட் பெரும்பாலானவை வக்ஃபுகளாகவே இருந்தன. அவற்றுட் பல நிதியின்றிச் சிதைந்துகொண்டிருந்தன. சுல்தான் அஹ்மது பள்ளிவாசல், எனி ஜாமி போன்ற பெரும் பள்ளிகளின் திருப்பணிகளைக் கமாலுத்தீன் மேற்கொண்டார். அளந்து வரைந்து பழுதைக் கண்டறியும் அப்பணியே, 1588இல் மறைந்த மிஃமார் சினானின் கட்டுமான முறையை அவருக்கும் அவர்கீழ்ப் பணியாற்றிய இளைஞர்களுக்கும் கற்பித்தது. ஓர் அரசு அலுவலகம் கலைக்கூடமாயிற்று.

அக்கல்வியின் விளைவைப் புதிய கட்டடங்களில் காணலாம். பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் 1913இல் எழுந்த பெபெக் பள்ளிவாசல் அளவிற் சிறியது; ஒற்றைக் குவிமாடம் கொண்டது. மிகையான அணிகலன் ஏதுமின்றிப் பழைய விகிதங்களின் அழகாலேயே அது நிற்கிறது. ஐயூபில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தையும், அதனருகே சுல்தான் ஐந்தாம் முஹம்மது ரஷாதுக்கு அடக்கத்தலம் ஒன்றையும் அமைத்தார். பிள்ளைகள் ஓதும் ஒலி தம் கப்றுக்கு எட்ட வேண்டும் என சுல்தான் விரும்பியதாகக் கூறுவர். இப்பாணி பிற்காலத்தில் ‘முதல் தேசியக் கட்டடக் கலை’ எனப் பெயர் பெற்றது. கமாலுத்தீனும் வேதாத் தேக்கும் அதன் இரு தூண்கள்.

அவர் பணியில் முரண் இல்லாமல் இல்லை. வக்ஃபுகளுக்கு வருவாய் தேடும் நோக்குடன் இஸ்தான்புல்லின் வணிகப் பகுதியில் ‘நான்காம் வக்ஃபு ஹான்’ என்னும் பெருங்கட்டடத்தை அவர் வடிவமைத்தார். எஃகுச் சட்டகமும் கல் முகப்பும் உடைய அது, போர்களால் தடைப்பட்டு 1926இல்தான் நிறைவுற்றது. அது நிற்கும் நிலத்தில் முன்பிருந்தது சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதின் இமாரத். ஏழைகளுக்கு அன்னமிட்ட அக்கட்டடம் இதற்காக இடிக்கப்பட்டது. காப்பதற்கென அமைந்த துறையே வருவாய்த் தேவைக்குமுன் ஒரு வக்ஃபை இழக்க நேர்ந்தது. வக்ஃபு நிர்வாகத்தின் இத்தர்மசங்கடம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

இதற்கு ஈடு என்று கருதத்தக்க பணி ஒன்றும் அவர் கையால் நிகழ்ந்தது. 1918இல் ஃபாத்திஹ் பகுதியில் மூண்ட பெருந்தீயில் மக்கள் பெருந்திரளாக வீடிழந்தனர். அவர்களுக்காக லாலேலியில் 1919க்கும் 1922க்கும் இடையே நான்கு தொகுதிகளாக, 124 குடியிருப்புகள் கொண்ட அடுக்ககத்தை அவர் எழுப்பினார். ‘ஹரீக்ஸதகான்’, அதாவது தீயால் பாதிக்கப்பட்டோர், என்பதே அதன் பெயர். மரவீடுகள் எரிந்த நகரில் எரியாத கற்காரை வீடுகள்! இஸ்தான்புல்லில் இரும்புக்கம்பி இட்ட கற்காரையால் ஆன முதல் பெருங்குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் இது தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது.

அடுத்து வந்ததே அவர் வாழ்வின் மிகப் பெரிய அமானிதம். பைத்துல் முகத்தஸ் உஸ்மானியர் கையை விட்டுப் போய், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. மஸ்ஜிதுல் அக்ஸாவின் குவிமாடத்தைத் தாங்கிய தூண்களும் வளைவுகளும் வலுவிழந்திருந்தன. ஹாஜி அமீன் அல்ஹுஸைனியின் தலைமையில் 1922இல் அமைந்த முஸ்லிம் உயர்மன்றம் திருப்பணிக்குக் கமாலுத்தீனை அழைத்தது. அவர் துருக்கிய உதவியாளர்களுடன் வந்து பொறுப்பேற்றார். நிதி திரட்டத் தூதுக்குழுக்கள் ஹிஜாஸுக்கும், 1923-24இல் இந்தியாவுக்கும் சென்றன. ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களின் நன்கொடையும் அப்பணியில் சேர்ந்தது. அடிமை நாடொன்றின் முஸ்லிம்கள், அந்நியர் ஆட்சிக்குட்பட்ட மற்றொரு நாட்டின் பள்ளிக்குப் பொருள் ஈந்த வரலாறு இது.

கமாலுத்தீன் முதலில் சாரம் அமைத்துக் குவிமாடத்தின் பாரத்தைத் தாங்கச் செய்தார். பின்னர் அடித்தளங்களை வலுப்படுத்தி, தூண்களைச் சீராக்கினார். வளைவுகளைப் பிணைத்திருந்த மர உத்தரங்களுக்கு ஈடாகப் பித்தளைப் பிணைப்புகளை அமைத்தார். நடுக்கூடத்தில் மரத்திற்குப் பதில் கற்காரையைப் பயன்படுத்தினார். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் நாலில் ஒரு பங்கு பழைய அமைப்பு மாறாமல் புதுப்பிக்கப்பட்டது. வளைவுகளின் மேற்பூச்சை நீக்கியபோது ஃபாத்திமிகள் காலத்து வண்ணப் பதிகற்களும் எழுத்துப் பொறிப்புகளும் வெளிப்பட்டன. 1033ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் கலீஃபா அஸ்ஸாஹிர் செய்வித்த திருப்பணியின் சான்றுகள் அவை. அவற்றைப் புதுக்கோலத்தால் மூடிவிடாமல் காத்தது இப்பணியின் சிறப்பு. புராதனக் கட்டடத்தில் கற்காரை கலப்பதை இன்றைய வல்லுநர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் அக்காலத்தில் உலகெங்கும் நம்பப்பட்ட புதுப்பொருள் அதுவே. பிரிட்டனின் ராயல் கட்டடக் கலைஞர் கழகம் இப்பணிக்காக அவருக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி அளித்தது.

அவர் இப்பணியில் இருந்த காலத்திலேயே அவருடைய உலகம் மாறிவிட்டது. 1924 மார்ச் 3இல் அங்காராவின் நாடாளுமன்றம் கிலாஃபத்தை ஒழித்தது. அதே நாளில் ஷரீஅத் மற்றும் வக்ஃபு அமைச்சகமும் கலைக்கப்பட்டது. கமாலுத்தீனை உருவாக்கிய நிறுவனம் மறைந்தது. அவர் கற்ற கலை மறையவில்லை. குடியரசு அவரை அங்காராவுக்கு அழைத்தது. வேதாத் தேக் தொடங்கிய ‘அங்காரா பாலாஸ்’ விடுதியை முடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. காஸி கல்வியியல் நிறுவனத்தையும் அவர் வடிவமைத்தார். சுல்தானின் அடக்கத்தலத்தில் கண்ட அதே கூர்வளைவுகளைக் குடியரசின் ஆசிரியர் கல்லூரியிலும் காண்கிறோம்.

1927 ஜூலை 11இல் பலஸ்தீனத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மஸ்ஜிதுல் அக்ஸா பெருஞ்சேதம் அடைந்தது. இரு நாள் கழித்து, ஜூலை 13இல், அங்காராவில் கமாலுத்தீன் மூளைக் குருதிக்கசிவால் காலமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் மறைந்தபின் துருக்கி ஜெர்மானிய, ஆஸ்திரியக் கலைஞர்களை நாடியது. அவருடைய பாணி சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. 2009இல் வெளியான 20 லிரா தாளின் பின்புறத்தில் அவர் உருவத்தைப் பொறித்துத் துருக்கி அவரை நினைவுகூர்ந்தது.

அக்ஸாவில் 1938 முதல் 1942 வரை நடந்த திருப்பணியில் நடுக்கூடமும் கிழக்குப் பகுதியும் இடித்துக் கட்டப்பட்டன. குவிமாடமும் அதைத் தாங்கும் வளைவுகளும் நின்றன. 1969 ஆகஸ்ட் 21இல் வைக்கப்பட்ட தீயில், நூருத்தீன் ஸங்கி செய்வித்து ஸலாஹுத்தீன் ஐயூபி நிறுவிய மிம்பர் எரிந்துபோனது. அதன்பின் மீண்டும் திருப்பணி நடந்தது. ஒருவர் முடித்த இடத்தில் மற்றொருவர் தொடங்குவதே இமாராவின் வரலாறு.

பழைய பள்ளிவாசலை இடித்துவிட்டுப் பெரியதாகக் கட்டுவதே சேவை என்னும் எண்ணம் முஸ்லிம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. முன்னோர் விட்டுச் சென்ற சுவரைத் தாங்கி நிறுத்துவதும் வசனம் கூறும் இமாராவே என்பதைக் கமாலுத்தீனின் வாழ்க்கை உணர்த்துகிறது. புதுக் கட்டடத்தில் கட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். காத்தவரின் பெயரைப் பொறிக்க இடமில்லை; அவர் காத்த சுவர் நிற்பதே அவருக்குரிய சான்று.