மீன் தீவனத்தில் நல்ல நுண்ணுயிர் வந்த கதை



வயிறு சரியில்லை என்றால் நம் வீட்டிலே மோர் சோறுதான். இந்த விஷயத்தை விஞ்ஞானமாக எடுத்துச் சொன்னவர் மெச்னிக்காஃப் என்கிற ரஷ்யர். பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் நீண்ட ஆயுளோடு இருப்பதற்கு அவர்கள் குடிக்கிற புளித்த பாலும், அதிலுள்ள நுண்ணுயிரும் காரணமாகலாம் என்று 1907-இல் எழுதினார்.

மனுஷனுக்குச் சொன்ன யோசனை பன்றிக்கும் கோழிக்கும் போய், கடைசியில்தான் மீனுக்கு வந்தது. 1986-இல் ஜப்பானிலே, மஞ்சள்வால் என்னும் கடல் மீனின் தீவனத்தில் பேசில்லஸ் வித்துகளைக் கலந்து கொடுத்ததில் வளர்ச்சி கூடியதாகச் செய்தி வெளியாயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். ஆன்டிபயாடிக் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே! நார்வே நாட்டு சால்மன் பண்ணைகளில் 1987-இல் மட்டும் சுமார் 50 டன் மருந்து செலவாயிற்று. பிற்பாடு அதைக் குறைத்தது முக்கியமாகத் தடுப்பூசிதான். நுண்ணுயிர்ப் பொட்டலம் விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

இந்த நுண்ணுயிர் உள்ளே போய் என்ன செய்கிறது? பஸ்ஸிலே துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா, அதே மாதிரி மீனின் குடலில் இடம் பிடிக்கிறது. கெட்ட கிருமிக்குப் போக வேண்டிய இரையைத் தான் தின்கிறது. சில வகைகள் அமிலம் சுரந்து கிருமியை அடக்கும். மீனின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2001-இல் பின்லாந்து விஞ்ஞானிகள் வானவில் டிரவுட் மீனில் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட அதே மீன்தான். தீவனத்தில் லாக்டோபேசில்லஸ் கலந்து 16 நாள் கொடுத்த பிறகு, உடம்பில் கட்டி எழுப்பும் நோய்க் கிருமியை மீன்களுக்கு ஏற்றினார்கள். நுண்ணுயிர் தின்னாத கூட்டத்தில் 100-க்கு 53 மீன் செத்தது. ஒரு கிராம் தீவனத்துக்கு 100 கோடி நுண்ணுயிர் வீதம் தின்ற கூட்டத்தில் செத்தது 19-தான். சரி, அதையே 1,000 மடங்காக்கி, லட்சம் கோடியாகக் கொடுத்தால்? 46 செத்தது! அள்ளிப் போட்டதில் பலன் போய்விட்டது.

ஒரு நோய்க்குக் கேட்டது இன்னொரு நோய்க்குக் கேட்கும் என்றும் இல்லை. சூடோமோனாஸ் வகை ஒன்று, 1999-இல் டிரவுட் மீனை விப்ரியோ நோயிலிருந்து காப்பாற்றியது. அதையே சால்மனின் கட்டி நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடித் தட்டிலே கிருமியை அடக்கியது, மீனுக்குள்ளே ஒன்றும் செய்யவில்லை. 2001-இல் அதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள்.

நம் ரோகு மீனுக்கும் சோதனை நடந்திருக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸை முன்கூட்டியே தீவனத்தில் கொடுத்துவிட்டு, ஏரோமோனாஸ் கிருமியை ஏற்றிப் பார்த்ததில், கொடுக்காத மீன்களைவிட அதிகம் பிழைத்தன. இது 2006-இல் வெளிவந்த முடிவு. ‘முன்கூட்டியே’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மீன் புண்ணோடு கரை ஒதுங்கிய பிறகு பொட்டலத்தைப் பிரிப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை.

ஒரு குளத்துக்காரரிடம் போயிருந்தேன். நல்ல உழைப்பாளி. நுண்ணுயிர்ப் பொடியையும் ஆன்டிபயாடிக்கையும் ஒரே தவிட்டு வாளியிலே பிசைந்துகொண்டிருந்தார். “அண்ணே, இதென்ன?” என்றேன். “இரண்டும் நல்லதுதானே சார், சேர்ந்தே போகட்டும்” என்றார். நாற்று நட்ட கையோடு அந்த நாற்றையே கொல்கிற மருந்தை அடிப்பாரா அவர்? உயிரோடு குடலுக்குப் போக வேண்டிய நுண்ணுயிரை வாளியிலேயே மருந்து கொன்றுவிடுமே. பொடியைக் கொதிக்கிற கஞ்சியில் கலப்பதும், வெயிலில் காயவிடுவதும் இதே கதைதான்.

அடுத்த முறை போனபோது பொடியை ஆறின தவிட்டில், பொட்டலத்தில் போட்டிருந்த அளவுக்கு அளந்து பிசைந்தார். மீதியை நிழலிலே, மூடின டப்பாவில் வைத்திருந்தார். தீவனம் நின்ற சில நாளில் குடலிலிருந்து இந்த நுண்ணுயிரும் போய்விடும் என்று சொன்னேன். “அப்போ தினமும் படியளக்கணும்னு சொல்லுங்க” என்றார். ஆமாம் என்றேன்.