விஷக் கிண்ணமும் பட்டு நூலும்

கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்குப் பழைய மாளிகைகளின் மேல் ஒரு சபலம் உண்டு. மாளிகை இடிந்து போய்விட்டால் சபலம் இரட்டிப்பாகும். நம் இஷ்டத்துக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் அல்லவா? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு அருகே இருந்த உட்ஸ்டாக் மாளிகையை அப்படித்தான் பலர் கட்டிக்கொண்டார்கள்.

அது அரசர்களின் வேட்டை மாளிகை. முதலாம் ஹென்றி சுற்றிலும் மதில் எழுப்பி, அதற்குள் சிங்கம், சிறுத்தை, ஒட்டகம் எல்லாம் வளர்த்தான். முள்ளம்பன்றி ஒன்றுகூட இருந்ததாம். அவனுடைய பேரன் இரண்டாம் ஹென்றி 1154-இல் பட்டத்துக்கு வந்தான். கதை அவனைப் பற்றியது.

கிளிபோர்டு குடும்பத்துப் பெண்ணான ரோசமண்ட் மீது அவன் மையல் கொண்டான். ராணி எலினாரின் கண்ணில் படாமலிருக்க, உட்ஸ்டாக்கில் சக்கரவியூகம் போல வளைந்து வளைந்து செல்லும் ஒரு மாளிகையைக் கட்டி அவளை அதற்குள் ஒளித்து வைத்தான். ராணியோ ஒரு பட்டு நூலைப் பற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஒரு கையில் கத்தி, மறு கையில் விஷக் கிண்ணம். "எது வேண்டும்?" என்றாள். ரோசமண்ட் கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள்.

கதை என்றால் இதுவல்லவா கதை! ஆனால் வருஷக் கணக்கைப் பார்த்தால் கிண்ணம் கைநழுவி விழுகிறது.

ரோசமண்ட் இறந்தது ஏறக்குறைய 1176-இல். எலினார் அப்போது எங்கே இருந்தாள்? புருஷனின் காவலில். 1173-இல் பிள்ளைகள் தகப்பனை எதிர்த்துக் கிளம்பியபோது அவள் பிள்ளைகள் பக்கம் நின்றாள். ஆண் வேடத்தில் தப்பப் பார்த்தவளைப் பிடித்துவிட்டதாக அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1189-இல் ஹென்றி கண்ணை மூடும் வரையில் அவளுக்கு விடுதலை இல்லை. காவலில் இருந்தவள் எந்த நூலைப் பிடித்துக்கொண்டு உட்ஸ்டாக்குக்குப் போயிருப்பாள்?

ஒளித்து வைத்ததும் பொய்தான். ராணியை அடைத்து வைத்த பிறகு அரசன் ரோசமண்டை ஊரறியவே வைத்துக்கொண்டான். அவள் அடக்கமானது காட்ஸ்டோ கன்னிமாடத்தில். 1191-இல் அங்கே வந்த லிங்கன் நகரத்து பிஷப் ஹ்யூ, பலிபீடத்தின் முன்னால் பட்டுப் போர்த்தி விளக்கேற்றிய கல்லறையைப் பார்த்தார். யாருடையது என்று விசாரித்தார். கோயிலுக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

வளைவு மாளிகை ஏட்டில் ஏறியது பதினாலாம் நூற்றாண்டில். கத்தியும் கிண்ணமும் அதற்கும் வெகு காலம் பிந்திய பாட்டுக்களில் பிரபலமாயின. எங்கள் தொழிலின் தந்திரம் எனக்குத் தெரியும். ஒரு புருஷன், இரண்டு பெண்கள் என்றால், சக்களத்தியைக் கொலைகாரியாக்குவது சுலபம். கேட்பவர்களும் மறுபேச்சின்றி நம்புவார்கள். தவறு செய்த புருஷன் காதலனாக நின்று கண்ணீர் வடிப்பான். சிறையிருந்த மனைவியின் தலையில் பழி விழும்.

1705-இல் உட்ஸ்டாக் மார்ல்பரோ பிரபுவுக்குப் பரிசாகக் கிடைத்தது. அங்கே பிளெனிம் அரண்மனையைக் கட்டிய வான்ப்ரோ, பழைய மாளிகையை இடிக்க வேண்டாம் என்று 1709-இல் மன்றாடி எழுதினார். இரண்டாம் ஹென்றியின் காதல் நினைவையும் ஒரு காரணமாகச் சொன்னார். பிரபுவின் மனைவி சாராவுக்கு அந்தக் காரணம் ருசிக்கவில்லை. பின்னாளில் மாளிகை தரைமட்டமாயிற்று.

இப்போது அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் நிற்கிறது. சற்றுத் தள்ளி உள்ள ஊற்றுக்கு 'ரோசமண்டின் கிணறு' என்று பெயர். எலினார் பெயரில் அங்கே எந்த ஊற்றும் இல்லை. பதினாறு வருஷம் காவலில் கிடந்தவளுக்குக் கதை கொடுத்தது அந்த விஷக் கிண்ணம் ஒன்றைத்தான்.