இலவசத்தின் விலை

1993ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் கணினியொன்றில் ‘டூம்’ என்ற விளையாட்டின் முதற் பாகம் ஏற்றப்பட்டது. அதற்காகக் காத்திருந்தோர் இணைப்புகளை முன்கூட்டியே நிரப்பிவிட்டதால், தயாரித்த ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனத்தினரே உள்ளே நுழைய இயலாமற் தவித்தனர்.

அந்த முதற் பாகம் முற்றிலும் இலவசம். எவரும் பிரதி எடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம். எஞ்சிய இரு பாகங்களை விரும்பியோர் பணம் செலுத்தித் தபாலிற் பெற்றனர். விளம்பரத்தையும் விநியோகத்தையும் விளையாடியவர்களே செய்து முடித்தனர் எனலாம். ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. விலை முன்னரே தெரியும். ஒருமுறை கொடுத்தாற் போதும்.

2000களில் தென் கொரியாவின் நெக்ஸன் போன்ற நிறுவனங்கள் இதை மாற்றியமைத்தன. விளையாட்டு முழுவதும் இலவசம். உள்ளே உடைகளும் கருவிகளும் விற்பனைக்கு. கைத்தொலைபேசிகள் இம்முறையை உலகெங்கும் பரப்பின.

2017இல் வெளிவந்த ‘ஃபோர்ட்நைட்’ அதன் உச்சம். குழப்பமான பொத்தான்களால் விளையாடுவோரை விரும்பாமலே வாங்கச் செய்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2022 டிசெம்பரில், வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 245 மில்லியன் டொலர் செலுத்த அதன் உரிமையாளரான எபிக் நிறுவனம் உடன்பட்டது.

‘டூம்’ வாங்கியவருக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. இன்றைய சிறுவனுக்கு ஒரு விரற்தொடுகை போதும். இலவசம் என்ற சொல்லைக் கண்டதும், கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பெற்றோர் தேடிப் பார்ப்பது நன்று.